கார்மாக் சுமந்து சென்ற கணக்கு



தலையில் அடிபட்டவரையோ பக்கவாதம் கண்டவரையோ மருத்துவமனையில் சேர்த்தால், பெரும்பாலும் முதலில் எடுக்கப்படுவது சி.டி. ஸ்கேன். அதற்குரிய கணிதத்தை வகுத்தவர்களுள் ஒருவரான ஆலன் கார்மாக் மருத்துவர் அல்லர். முனைவர் பட்டமும் பெற்றவர் அல்லர். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய இயற்பியல் ஆசிரியர் அவர்.

கார்மாக் 1924-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். அவருடைய பெற்றோரும் ஸ்காட்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்களே. தாயார் ஓர் ஆசிரியை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கத் தொடங்கிய கார்மாக், பின்னர் இயற்பியலுக்கு மாறினார். கேம்பிரிட்ஜில் மேற்கொண்ட ஆய்வுப் படிப்பை முடிக்காமலேயே 1950-இல் கேப் டவுனுக்கு விரிவுரையாளராகத் திரும்பினார்.

1956-இல் அந்நகரின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் இயற்பியலாளர் பணியிடம் காலியாக இருந்தது. வாரத்தில் ஒன்றரை நாள் அப்பணியைக் கார்மாக் ஏற்றார். புற்றுநோயாளர்க்குரிய கதிர்வீச்சைக் கணக்கிடும்போது, உடல் முழுவதும் ஒரே தன்மையுடையது என்றே அங்குக் கொண்டனர். எலும்பும் தசையும் நுரையீரலும் கதிரை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லையே! பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, மறுபுறம் வெளிவருவதை அளந்தால், உள்ளே எப்பகுதி எவ்வளவு உறிஞ்சியது எனக் கணக்கிட இயலுமா? இதுவே அவர் எழுப்பிய வினா.

மரவளையம் சூழ்ந்த அலுமினிய உருளையொன்றை வைத்து 1957-இல் கேப் டவுனிலேயே முதற்சோதனை செய்தார். அவ்வாண்டே தம் அமெரிக்க மனைவியுடன் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடியேறி, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கு அவருடைய முதன்மைத் துறை துகள் இயற்பியல். மருத்துவப் படத்துக்கான கணக்கை ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தொடர்ந்தார். 1963-இலும் 1964-இலும் கட்டுரைகள் வெளியிட்டார். ஏறக்குறைய எவரும் பொருட்படுத்தவில்லை. 1966-இல் அமெரிக்கக் குடிமகனானார்.

இதற்கிடையே இங்கிலாந்தில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர் தனித்து முயன்று ஸ்கேன் கருவியை உருவாக்கினார். 1971-இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹவுன்ஸ்ஃபீல்டும் முனைவர் பட்டம் பெறாதவரே. கார்மாக் 1998-இல் மறைந்தார்.

பிள்ளைகளை மருத்துவத் துறைக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர், எப்படிப்புக்கு எந்நாட்டில் வேலை கிடைக்கும் என்று கேட்பது இயல்பே. அக்கேள்வியில் தவறில்லை. ஆயினும் கார்மாக்குக்குப் புதிய நாடு தந்தது பணியும் ஓய்வுநேரமுமே. வினாவும் கணித அறிவும் அவர் கடல் கடக்கும்போது உடன் கொண்டு சென்றவை. பாராட்டு இல்லாத ஆண்டுகளிலும் அவற்றை அவர் கைவிடவில்லை.

"இக்கணக்கு எதற்குப் பயன்படும்?" என்று மாணவர் கேட்கும்போது, ஆசிரியர்கள் இவ்வரலாற்றைச் சொல்லலாம். தேர்வுத்தாளில் இல்லாத வினாவைக் கேட்கும் பிள்ளையைப் பெற்றோர் கடிந்துகொள்ளாமல் செவிமடுக்கலாம். அயல்நாடு செல்லும் பிள்ளைக்கு நாம் கட்டிக் கொடுக்கக்கூடிய நல்ல மூட்டை அதுவே.