முத்திரைக்குள் யார் பெயர்?

அரசு ஒரு மனிதரை எதைக்கொண்டு அடையாளம் காண்கிறது? ஜப்பானில் இந்தக் கேள்விக்கான பதில் விரல் நீளத் துண்டு ஒன்றின் நுனியில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஹன்கோ என்கிற பெயர் முத்திரை. கி.பி. 57இல் சீனப் பேரரசர் ஒரு சிற்றரசனுக்கு அளித்த தங்க முத்திரையிலிருந்து இதன் கதையைத் தொடங்கி, தொன்மையான மரபு என்று முடித்துவிடுவார்கள். சாதாரண ஜனங்களின் முத்திரைக்கு வேறு வரலாறு இருக்கிறது. கையொப்பத்தோடு முத்திரையும் வேண்டும் என்று மெய்ஜி அரசு ஆணையிட்டது 1873இல். அதே ஆண்டு கட்டாய ராணுவ சேவை வந்தது. குடிமக்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்ற ஆணை 1875இல். ராணுவம் கேட்டு வந்த ஆணை அது. இவற்றைச் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆள் பிடிப்பதற்குப் பெயர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வெளியாருக்கு? முத்திரை கேட்கும் இடத்தில் அவர்கள் கையொப்பம் போட்டால் போதும் என்றது 1899ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் விட்டாலும் வழக்கம் விடுமா? வங்கிக் கணக்கு, வாடகை வீடு என்று முத்திரை கேட்கத்தான் செய்தார்கள். நான் வெட்டக் கொடுத்தபோது கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, குடும்பப் பெயர் எது என்பது. நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதான். சாதிப் பட்டத்தை உதறச் சொல்லி 1929இல் செங்கல்பட்டில் தீர்மானம் போட்ட மண் இது. அந்த வெற்றிடத்தை எந்த எழுத்தில் செதுக்குவது? அந்நியப் பெயர்களுக்கான கதகானாவில் ல, ள, ழ, ர, ற ஐந்துக்கும் ஒரே வரிசைதான். பெயர் முதலில் சுருங்க வேண்டும், பிறகுதான் வட்டத்துக்குள் போகும்.

என் சங்கடம் சின்னது. கொரியர்களின் கதை வேறு. காலனி அரசு 1914இல் அங்கே முத்திரைச் சான்று முறையைக் கொண்டுபோனது. 1940இல் ஜப்பானியப் பாணிப் பெயர்களைத் திணித்தது. ஜப்பானிலேயே தங்கிவிட்ட கொரியர்கள் 1952இல் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். 1955 முதல் வெளியார் பதிவேட்டில் அவர்கள் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. ஒடுக்குதலுக்கு அஞ்சிப் பலர் ஜப்பானியப் பெயரிலேயே புழங்கினார்கள்; அந்தப் பெயரிலேயே முத்திரையும் பதியலாம். ஒரு கையில் அடுத்தவன் பெயர் செதுக்கிய முத்திரை, மறுகையின் சுட்டுவிரலில் மை. குடிமகனின் அடையாளம் கையைவிட்டுக் கீழே வைக்கக்கூடிய பொருள். வெளியாரின் அடையாளமோ உடம்பு.

1980இல் ஹான் ஜோங்-சொக் என்ற கொரியர் ரேகை வைக்க மறுத்தார். ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். 1993இல் நிரந்தரவாசிகளுக்கும் 2000இல் எல்லோருக்கும் அந்த விதி நீங்கியது. 2007இல் விமான நிலையத்தில் அது திரும்பி வந்தது. காலனிக் காலத்தவரின் வாரிசுகளான சிறப்பு நிரந்தரவாசிகளுக்கு விலக்கு உண்டு.

ஏறத்தாழ 15,000 அரசு நடைமுறைகளில் 83 தவிர மற்றவற்றுக்கு முத்திரை வேண்டாம் என்று 2020இல் ஜப்பான் அறிவித்தது. நவீனமாதல் என்று பாராட்டினார்கள். தன் குடிமக்களின் முத்திரையை விட்டுவிட முடிந்த அரசுக்கு, வெளியாரின் விரலை விட ஏன் மனம் வரவில்லை?