மின்பெட்டி நிரப்பளவு

மின்பெட்டி நிரப்பளவு என்பது சுவிட்சு, சாக்கெட் முதலியன பொருத்தப்படும் பெட்டிக்குத் தேவையான மிகக் குறைந்த கனஅளவைக் கணக்கிடும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பில் 314.16 ஆம் பிரிவு இதனை வரையறுக்கிறது.

தேவை

மின்னோட்டம் பாயும்போது கம்பிகளிலும் இணைப்புகளிலும் வெப்பம் உண்டாகிறது. நெருக்கமான பெட்டியிலிருந்து அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. மேலும், கம்பிகளை அழுத்தித் திணித்தால் காப்புறை கிழியலாம், இணைப்புகள் தளரலாம். இவை குறுக்குச்சுற்றுக்கும் தீவிபத்துக்கும் வழிவகுக்கும்.

கம்பிக்குரிய இடம்

ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனுக்கு ஏற்ப இடம் ஒதுக்கப்படுகிறது. கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும்.

- 14 கேஜ்: 2.00 கன அங்குலம்
- 12 கேஜ்: 2.25 கன அங்குலம்
- 10 கேஜ்: 2.50 கன அங்குலம்

எண்ணும் முறை

- வெளியிலிருந்து வந்து பெட்டிக்குள் இணைக்கப்படும் ஒவ்வொரு மின்கம்பியும்: 1
- புவித்தொடுப்புக் கம்பிகள், நான்கு வரை, அனைத்தும் சேர்ந்து: 1 (2020 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், நான்குக்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு கூடும்)
- பெட்டியின் உள்ளே அமைந்த கவ்விகள், எத்தனை இருப்பினும்: 1
- ஒரு சுவிட்சு அல்லது சாக்கெட்: 2
- பெட்டிக்குள்ளேயே தொடங்கி முடியும் துண்டுக் கம்பிகள்: 0

புவித்தொடுப்புக்குப் பெட்டியிலுள்ள புவித்தொடுப்புக் கம்பிகளில் தடித்ததன் அளவும், கவ்விகளுக்குப் பெட்டியிலுள்ள எல்லாக் கம்பிகளிலும் தடித்ததன் அளவும், சுவிட்சுக்கு அதில் இணைந்த தடித்த கம்பியின் அளவும் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டு

உட்கவ்விகள் கொண்ட ஒரு பெட்டியில் ஒரு சுவிட்சும் இரண்டு மின்வடங்களும் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு வடத்திலும் இரு மின்கம்பிகளும் ஒரு புவித்தொடுப்புக் கம்பியும் இருக்கும்.

மின்கம்பிகள் 4 + புவித்தொடுப்பு 1 + கவ்விகள் 1 + சுவிட்சு 2 = 8

கம்பிகள் 14 கேஜ் எனில் 8 × 2.00 = 16 கன அங்குலம்; 12 கேஜ் எனில் 8 × 2.25 = 18 கன அங்குலம் தேவை. ஆகவே 18 கன அங்குலப் பெட்டி இரண்டுக்கும் போதுமானது.

பின்னர் அதே பெட்டியில் மூன்றாவது வடம் ஒன்றைச் சேர்த்தால் எண்ணிக்கை 10 ஆகிறது. 14 கேஜ் கம்பிக்கே 20 கன அங்குலம் வேண்டும். 12 கேஜ் கம்பிக்கு 22.5 கன அங்குலம் வேண்டும். கம்பிகள் உள்ளே அடங்கி மூடி பொருந்தினாலும் பழைய பெட்டி விதிப்படி சிறியதே. எனவே, புதிய வடம் இழுக்கும் முன்னரே கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பெட்டியின் கனஅளவு

நெகிழிப் பெட்டிகளின் உட்புறத்தில் கனஅளவு பொறிக்கப்பட்டிருக்கும். வழக்கமான அளவுடைய உலோகப் பெட்டிகளுக்கு விதித்தொகுப்பில் அட்டவணை உண்டு. சான்றாக, 4 அங்குலச் சதுரமும் 1½ அங்குல ஆழமும் உடைய பெட்டியின் கனஅளவு 21 கன அங்குலம் ஆகும். கனஅளவு குறிக்கப்பட்ட நீட்டிப்பு வளையத்தைப் பொருத்தினால் அவ்வளவையும் கூட்டிக் கொள்ளலாம்.