அன்னபூரணி போன வழி

கொட்டியாரக் குடாவுக்கு வந்த அந்நியக் கப்பல்களில் பேர் பெற்றது பழுது பார்க்க வந்த ஒன்றுதான். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலேயக் கப்பல், புது மரம் நாட்டுவதற்காக இந்தக் குடாவுக்குள் நுழைந்தது. கரையிறங்கிய கப்டனையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டையை அடைய 19 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பாய்மரத்துக்குக் கொடுத்த விலை அது.

எங்கள் கிளிவெட்டியிலிருந்து அந்தக் குடாவின் மூதூர்க் கரை அதிக தூரமில்லை. ஆனாலும் நாங்கள் வயல்காரர்; எங்கள் பக்கத்தில் படகு என்றால் தொழில். கரைவலைத் தோணி, வத்தை, இன்றைய இஞ்சின் போட் எதையும் பொழுதுபோக்குக்கென்று வாங்கியவரை நான் கண்டதில்லை. நிலாவெளியிலிருந்து புறாமலைக்கு ஆள் ஏற்றும் படகுகூட உழைக்கிற படகுதான். உல்லாசம் ஏறியிருப்பவருக்கு, ஓட்டுகிறவருக்கு அல்ல. ஆனால் தமிழர் சரக்கேற்றக் கட்டிய கப்பல் ஒன்று அமெரிக்கர் ஒருவரின் உல்லாசக் கப்பலாகி மூன்று சமுத்திரங்களைக் கண்டது. அதைக் கட்டிய இடம் வடமராட்சியின் வல்வெட்டித்துறை.

அந்தக் கப்பலின் பெயர் அன்னபூரணி அம்மாள். 1930-இல் கடலில் இறங்கினாள். நீளம் 89 அடி. இரண்டு மரங்கள்: முன்மரத்தில் பருமல்களில் தொங்கும் குறுக்குப் பாய்கள், பின்மரத்தில் நெடுக்குப் பாய். ஐரோப்பியர் இதைப் பிரிகண்டைன் என்பார்கள். ஐரோப்பாவில் இந்த வகை நீராவிக்கு முன்னால் மடிந்துகொண்டிருந்த காலத்தில் வடமராட்சி மேத்திரிமார் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரங்கூனுக்கும் கொச்சிக்கும் காக்கிநாடாவுக்கும் போய் அரிசியும் ஓடும் மரமும் ஏற்றி வந்த கப்பல்களின் கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன். 1928 முதல் 1931 வரை 32 அடி நீளமுள்ள ‘சுவாப்’ என்ற சிறு படகில் உலகைச் சுற்றி வந்து பெயர் எடுத்தவர். 1933-இல் அவர் மணந்த புளோரன்ஸ் கிரேன், அமெரிக்காவில் குழாயும் குளியலறைச் சாமானும் விற்றுப் பெரும் செல்வரான குடும்பத்துப் பெண். பணத்துக்குக் குறைவில்லை. நினைத்திருந்தால் மசச்சூசெட்ஸிலேயே வெள்ளைப் பூச்சும் பித்தளை மினுக்கும் கொண்ட படகு ஒன்றைக் கட்டுவித்திருக்கலாம். மனிதர் இங்கே வந்து அரிசி மூட்டை சுமந்த பழைய கப்பலை வாங்கினார். பணக்காரரின் விசித்திர ஆசை என்று அதை ஒதுக்க எனக்கு மனமில்லை. கடலில் கிடந்தவர், ஒரு கப்பலின் உடம்பைப் பார்த்தாலே மதிப்பறியக் கூடியவர்.

மரக்கப்பலுக்கு வாங்கும் விலை ஒரு முறைதான். பராமரிப்புக்கு முடிவே இல்லை. வெப்பக் கடலில் கிடக்கும் மரத்தைத் துளைபுழு உள்ளே இருந்து தின்னும். வெளியே பார்த்தால் பலகை நல்ல பலகைதான், தட்டினால்தான் பொள்ளல் தெரியும். அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டினால் ஓட்டம் பாதியாகும். வெயிலில் காய்ந்த பலகை சுருங்கி இடுக்கு விடும். ஆகவே வாடைக்காற்றுக் காலத்தில் கப்பலை மறைவான இடத்தில் ஏற்றிச் சாய்த்து, சுரண்டி, பழைய திரியைக் கிளறி எடுத்துவிட்டுப் புதிய பஞ்சுத் திரியை உளியும் சுத்தியலும் கொண்டு இடுக்குக்குள் இறுக்க வேண்டும். கலப்பத்து அடிப்பது என்பது இதைத்தான். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்ற வேண்டும். நீருக்குக் கீழே சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூச வேண்டும். திரி அதிகம் இறுகினால் பலகை விலகும், குறைந்தால் ஒழுகும். அந்த அளவு கையில்தான் இருக்கிறது. கயிறும் அப்படித்தான்: எது இந்தப் பயணம் தாங்கும், எது தாங்காது என்பதைத் தொட்டுப் பார்க்கிற தண்டயலிடம், அதாவது கப்பல் தலைவரிடம்தான் கேட்க வேண்டும்.

ரொபின்சனுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் கப்பலோடு அதைப் பார்க்கத் தெரிந்தவர்களையும் அமர்த்திக்கொண்டார். வல்வெட்டித்துறைத் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊர் மாலுமிகளும் சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுக்கும், ஜிப்ரோல்டர் கடந்து அத்திலாந்திக்குக்கும் அவளைக் கொண்டு போனார்கள். சோளகமும் வாடையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அத்திலாந்திக் வேறு கடல். அங்கே காற்றுக்குத் தவணை கிடையாது. பேர்மியூடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்ட் 1-ஆம் திகதி மசச்சூசெட்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள்.

புது எசமான் கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார்: ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’. வாங்கியவர் பெயர் மாற்றுவது உலக வழக்கம்தான். ஆனால் சோறிடும் தாயின் பெயர் போனது நெல் விளைகிற ஊர்க்காரனான எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

குளொஸ்ரரிலும் அவள் அதிக காலம் நிற்கவில்லை. அதே 1938-இல் 22 வயது இளைஞர் ஒருவர் அவளுக்குக் கப்டனாகி, தென் பசிபிக்கின் தகீத்தித் தீவு வரை 7,700 மைல் ஓட்டினார். அவர் தலைமை தாங்கிய முதல் கப்பல் அது. பெயர் ஸ்ரேர்லிங் ஹேய்டன். ‘த காட்ஃபாதர்’ (1972) பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும்: அல் பசினோ உணவகத்தில் சுட்டுத் தள்ளுகிற பொலிஸ் கப்டன் மக்லஸ்கி. ஹொலிவூட் அவரை நட்சத்திரமாக்கிய பின்னும் அவர் மனம் கடலில்தான் கிடந்தது. 1959-இல் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ‘வாண்டரர்’ என்ற சொந்தப் பாய்க்கப்பலில் மறுபடி தகீத்திக்கே போனார்.

ரொபின்சன் அதே மசச்சூசெட்ஸின் இப்ஸ்விச்சில் கப்பல் பட்டறை வைத்தார். அங்கே 1938-இல் கட்டிய ‘சுவிஃப்ட் ஒஃப் இப்ஸ்விச்’ பிறகு நடிகர் ஜேம்ஸ் காக்னி கைக்குப் போனது. தனக்கென்று 70 அடியில் ‘வருவா’ என்ற கப்பலைக் கட்டி, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதில் தகீத்தி போய்ச் சேர்ந்தார். அதுவும் பிரிகண்டைன்தான். அன்னபூரணியிடம் பழகிய கண் அந்த வகையை மறக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கதையை நம்மவர் சொல்லும்போது ‘தமிழன் கட்டிய கப்பல் அமெரிக்கா போனது’ என்று மார்தட்டி நிறுத்திவிடுகிறார்கள். என் கணக்கில் பெரிய சாதனை கட்டியதல்ல, எட்டு வயதான ஒரு சரக்குக் கப்பலை ஒழுகாமல் கொண்டு போய்ச் சேர்த்தது. கப்பலுக்குப் பத்திரம் ரொபின்சன் பெயரில் இருந்திருக்கலாம். அந்தப் பயணத்தில் அவளை வைத்திருந்தவர்கள் தண்டயலும் அவர் ஆட்களும்தான். திருகோணமலை உட்துறைமுகத்தில் இப்போதும் வெளிநாட்டார் பாய்ப்படகில் வந்து தங்கிப் போகிறார்கள். அவர்களுடைய படகுக்குத் திரி அடிக்கவும் பாய் தைக்கவும் ஆள் வேண்டும். நம் இளைஞருக்கு ஃபைபர் ஒட்டத் தெரியும். மரம் தெரிந்த கைகள் கிழவர்களிடம்தான் மிச்சம். மூதூரிலும் திருகோணமலையிலும் வடமராட்சியிலும் அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் பக்கத்தில் ஒரு பையனை உட்கார வையுங்கள்.