ஏற்காடு மலைப்பாதையில் பனிக்காலப் பயணம்: விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு?

அரையாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கியதும் சேலம், ஆத்தூர், ஈரோடு பகுதிக் குடும்பங்கள் பலவும் ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுகின்றன. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மேல் வளைவுகளில் மாலையிலேயே பனிமூட்டம் இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் சாலையில் இருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. குப்பனூர் வழியாக மற்றொரு பாதை உண்டு என்றாலும் அதுவும் மலைப்பாதைதான்.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். லோ பீமும் ஃபாக் லைட்டும் போதும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் ஏ.சி.யை முன்கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும். இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, பாதி வழியில் பிடிக்காமல் போகும். இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டி வருவதைச் சிக்கனம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைவிட விலை உயர்ந்த சிக்கனம் வேறில்லை. பாதை குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மரியாதை மட்டுமல்ல, சாலை விதி.

2024 ஏப்ரல் 30 மாலை, ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய தனியார் பேருந்து 13-வது வளைவு அருகே தடுப்பை உடைத்துக் கீழே உருண்டது. உயிர்ப்பலியோடு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அன்று பனி இல்லை, கோடைக்காலம். இறக்கம் எந்தப் பருவத்திலும் இறக்கம்தான்.

இப்படிப் பேருந்தில் போகிறவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பயணிகளுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுப்பது பேருந்து உரிமையாளரின் சட்டக் கடமை. நம் சொந்தக் காரில் அப்படி இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. வருடா வருடம் குறைந்த தொகைக்குப் போடும் 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் எதிரே வந்தவருக்கும் சாலையில் நடப்பவருக்கும்தான் பொறுப்பேற்கும். காருக்குள் இருக்கும் நம் மனைவி மக்களுக்கு அதில் இடமில்லை. முழு இன்சூரன்ஸ் எனப்படும் பேக்கேஜ் பாலிசியில்தான் உள்ளே பயணிப்போருக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் தெளிவுபடுத்தியது.

ஓட்டியவரின் நிலை இன்னும் சிக்கல். தன் தவறால் விபத்தாகி அவரே இறந்தால், குடும்பம் அவருடைய காரின் தேர்டு பார்ட்டி காப்பீட்டில் நஷ்டஈடு கேட்க முடியாது. ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டியிருந்தால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கைகொடுக்கும். மச்சானின் காரை வாங்கிக்கொண்டு போனவருக்கு அதுவும் கிடைக்கும் என்பது உறுதியில்லை. இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்று 2009-லேயே தீர்ப்பு வந்திருக்கிறது.

தெரிந்தவர் என்பதற்காக 'ஓன் போர்டு' காரை வாடகைக்கு எடுப்பது அடுத்த பிரச்சினை. வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். அப்போது பொறுப்பு உரிமையாளரின் தலையில் விழும், அவரிடம் சொத்து இருந்தால்தான் வசூலாகும். நாலு பேர் சேர்ந்து போட்டால் 'டி போர்டு' வண்டிக்கு ஆகும் கூடுதல் செலவு பெரிதல்ல.

காரை விற்றுவிட்டு ஆர்.சி. பெயரை மாற்றாமல் விட்டவர்களும் கவனிக்க வேண்டும். 2018 நவீன் குமார் தீர்ப்பின்படி, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். யாரோ ஓட்டி யாரையோ மோதினாலும் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் வரும். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு.

"பனியில் ஒன்றும் தெரியவில்லை" என்பது ஓட்டுநரைக் காப்பாற்றும் வாதமல்ல. தெரியாத இடத்தில் வேகத்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவர் கடமை. ஆனால் நிறுத்துகிறேன் என்று வளைவிலேயே விளக்கின்றி வண்டியைப் போட்டு வைத்தால், பின்னால் வந்து மோதியவரோடு அவரும் பொறுப்பில் பங்கு ஏற்க நேரும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் 108. வண்டியை விட்டு ஓடிவிடுவது தனிக் குற்றம். காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் ஓட்டுநரின் சட்டக் கடமை. நல்லெண்ணத்தில் உதவி செய்யும் வழிப்போக்கரைச் சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

அடுத்துச் சொல்வது கசப்பானது. உயிரிழப்பு நேர்ந்தால் மையித்தைச் சீக்கிரம் அடக்க வேண்டும் என்ற தவிப்பில், பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று நம் குடும்பங்களில் சிலர் மன்றாடுகிறார்கள். அந்த மனநிலை புரிகிறது. ஆனால் எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல், விபத்தால்தான் இறந்தார் என்று பின்னர் நிரூபிப்பது மிகக் கடினம். அநாதையாகும் பிள்ளைகளின் படிப்புக்கான பணம் அந்த இரண்டு காகிதங்களில் இருக்கிறது. வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்ய மத்திய அரசு 2021 நவம்பரில் அனுமதித்துள்ளது. ஜமாஅத் நிர்வாகிகள் தாமதமின்றி நடக்கும்படி மருத்துவமனையிடம் கேட்கலாம். அதேபோல, காவல் நிலைய வாசலிலேயே ஐம்பதாயிரத்துக்குச் சமரசம் பேசிக் கையெழுத்துப் போடுவதும் வேண்டாம்; காலில் வைத்த கம்பிக்கு அடுத்த ஆண்டு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

யார் தவறு என்று நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் எதிர் வண்டியின் உரிமையாளரிடம் அல்லது காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம். மோதிவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். தவறை நிரூபித்து முழு நஷ்டஈடு கேட்பது 166-ஆம் பிரிவு. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் எத்தனை பேர் என்று பார்த்துத் தீர்ப்பாயம் தொகையை நிர்ணயிக்கும். பாகப்பிரிவினை போல வாரிசுப் பங்கு விகிதத்தில் பிரிப்பதில்லை; அவரைச் சார்ந்து வாழ்ந்த மனைவி, பிள்ளைகள், வயதான உம்மா வாப்பா ஆகியோரின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறது.

மனுவைச் சேலத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. காயல்பட்டினத்துக் குடும்பம் தன் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்ற காலவரம்பு 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தாலும், இத்தா முடியட்டும், நாற்பது கழியட்டும் என்று வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டு ஆண் ஒருவர் ஆவணங்களோடு போய்ப் பேசத் தொடங்கலாம்.