விமானம் மாறும் நேரமும் வந்து சேராத பெட்டியும்

கடந்த வருடம் சித்தியுடன் கனடா சென்றேன். எனக்கு ரொறன்ரோவில் ஓர் ஊடகப் பயிற்சி. சித்திக்கு அங்கே 13 வருடங்களாகக் காணாத மகன். கட்டுநாயக்கவிலிருந்து எங்கள் விமானம் ஒரு மணி இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. வளைகுடா நாடொன்றில் விமானம் மாற எங்களுக்கு இருந்ததே இரண்டு மணி நேரம்தான். இறங்கும்போது மிஞ்சியது நாற்பது நிமிடம். சக்கர நாற்காலியைத் தள்ளிய ஊழியர் ஓட, நானும் பின்னால் ஓடினேன். வாயில் மூடப்படுவதற்குச் சற்று முன்னர் போய்ச் சேர்ந்தோம்.

ரொறன்ரோவில் நாங்கள் இறங்கினோம், சித்தியின் பெட்டி இறங்கவில்லை. பொதிகள் வரும் பட்டி நின்ற பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, சித்தப்பாவின்ர பைல் அதுக்குள்ளதான்" என்றார்.

2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்த சித்தப்பாவைத் தேடி அவர் சேர்த்த பத்திரங்கள் அவை. செஞ்சிலுவைக் குழுவின் பதிவு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்தின் பற்றுச்சீட்டு, ஓரம் மங்கிய ஒரு புகைப்படம். எல்லாமே மூலப் பிரதிகள். கைப்பையில் இருந்தால் கட்டுநாயக்கவில் எடுத்து விசாரிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓமந்தையில் பைகளைக் கொட்டிக் காட்டிய ஒருவருக்கு அதை நம்புவது கடினமில்லை. அதனால் பெரிய பெட்டியின் அடியில், சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தார்.

பெட்டி நான்காம் நாள் வந்தது. அந்த நாட்களிலும் பின்னரும் நான் விசாரித்து அறிந்தவற்றை இங்கே தொகுக்கிறேன். எங்கள் ஊர்களிலிருந்து முதல் முறையாக விமானம் ஏறுகின்ற பெற்றோருக்கும், அவர்களுக்குச் சீட்டு எடுத்து அனுப்புகின்ற பிள்ளைகளுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

ஒரே பதிவா, இரண்டு பதிவுகளா?

பயணம் முழுவதும் ஒரே பதிவில் இருக்கிறதா என்பதுதான் முதற்கேள்வி. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகளைக் கொண்ட பதிவு இலக்கம் ஒன்று சீட்டில் இருக்கும். எல்லா விமானங்களும் அந்த ஒரே இலக்கத்தின் கீழ் இருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களை வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது.

மலிவாக இருக்கிறது என்று இரண்டு சீட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால் நிலைமை வேறு. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனத்துக்கு அது பொருட்டல்ல. நீங்கள் வராத பயணி, சீட்டுப் பணமும் பெரும்பாலும் போய்விடும். பொதியும் வழக்கமாக முதல் சீட்டு முடியும் இடம்வரைதான் போகும். அங்கே குடிவரவைக் கடந்து வெளியே போய், பெட்டியை எடுத்து, மீண்டும் பதிவுக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். குடிவரவைக் கடக்க அந்த நாட்டு வீசா வேண்டும். பலாலியிலிருந்து சென்னை போய், அங்கிருந்து தனிச் சீட்டில் வெளிநாடு செல்ல நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்னர் முகவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது ஒரே பதிவா? பொதி கடைசி இடம்வரை போகுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் போதும்?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் விமானம் மாறுவதற்கான குறைந்தபட்ச நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் குறையாமல் இருந்தால் நிறுவனங்கள் சீட்டை விற்கும். ஆனால் எல்லாம் நேரத்துக்கு நடந்தால் மட்டுமே அந்தக் கணக்குச் சரிவரும். பெரும்பாலான விமானங்களின் வாயில், புறப்படும் நேரத்துக்கு 15 அல்லது 20 நிமிடங்களுக்கு முன்னரே மூடப்பட்டுவிடும். ஆகவே சீட்டில் தெரியும் இரண்டு மணி நேரம் முழுவதும் உங்களுடையதல்ல.

வயதானவர்கள், குழந்தைகளுடன் செல்பவர்கள், ஆங்கிலப் பலகைகளை வாசிக்கச் சிரமப்படுபவர்கள் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை எடுக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. அடுத்த விமானம் நாளுக்கு ஒன்றுதான் என்றால் இன்னும் கூடுதலாக விடுங்கள். முனையத்தையும் பாருங்கள். இலண்டன் ஹீத்ரோவில் முனையம் மாறப் பேருந்திலோ ரயிலிலோ போக வேண்டிவரும். டுபாயின் 2ஆம் முனையம் மற்ற இரண்டிலிருந்தும் விலகி, ஓடுபாதைகளுக்கு மறுபக்கத்தில் இருக்கிறது.

பெட்டியின் பயணம்

நீங்கள் கொடுக்கும் பெட்டியில் ஒட்டப்படும் பட்டைச் சீட்டில் பத்து இலக்க எண் இருக்கும். உங்கள் பெயரைவிட அந்த எண்ணே பெட்டியின் அடையாளம். பெட்டியை ஏற்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இடையில் மாற்றும்போது, உங்களிடம் ஒப்படைக்கும்போது என நான்கு இடங்களில் அதைக் கண்காணிக்க வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 753ஆம் இலக்கத் தீர்மானம் கூறுகிறது. இது 2018 ஜூனிலிருந்து நடைமுறையில் உள்ளது.

மாறும் இடத்தில் பெட்டி கீழே இறக்கப்பட்டு, பட்டிகளில் ஓடி, சோதிக்கப்பட்டு, வகைபிரிக்கப்பட்டு, அடுத்த விமானத்தின் பெட்டகத்துக்குள் போக வேண்டும். நேரம் குறைந்தால் மனிதர் ஓடலாம், பெட்டி ஓடாது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

மறுபக்கத்தில், பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிவிட்டே விமானம் புறப்படும். 1985இல் எயார் இந்தியா 182, 1988இல் லொக்கர்பி மேலாகப் பான் ஆம் 103 ஆகிய விமானங்கள், ஏறாத பயணியின் பேரில் அல்லது ஆளில்லாமல் ஏற்றப்பட்ட பெட்டிகளில் இருந்த குண்டுகளால் சிதறிய பின்னர் இறுக்கப்பட்ட விதி இது.

கவுண்டரைவிட்டு விலகுவதற்கு முன்னர் பட்டைச் சீட்டைப் பாருங்கள். கடைசியாகப் போகும் நகரின் மூன்றெழுத்துக் குறி பெரிதாக இருக்க வேண்டும். ரொறன்ரோ என்றால் 'வை வை இசெட்', பாரிஸ் சார்ள்ஸ் டி கோல் என்றால் 'சி டி ஜி'. இடையில் மாறும் நகரின் குறி மட்டும் இருந்தால் அங்கேயே கேளுங்கள். பழைய பட்டைகளைக் கிழித்துவிடுங்கள். பெட்டியையும் அதன் பட்டையையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். பெட்டிக்குள்ளும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும்.

இடையில் பெட்டியை எடுக்க வேண்டிய நாடுகள்

ஒரே பதிவாக இருந்தாலும் சில நாடுகளில், முதலில் இறங்கும் இடத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மீண்டும் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் அது பொது விதி. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குபவர்களுக்கும் பொருந்தும் என்பதால் அங்கே மாறுவதற்கே வீசா வேண்டும். கனடாவில் இறங்கி இன்னொரு கனேடிய நகருக்கு மாறுபவர்களும், இந்தியாவில் இறங்கி உள்நாட்டு விமானம் ஏறுபவர்களும் பெரும்பாலும் இப்படியே செய்ய வேண்டும். புறப்படும் கவுண்டரில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இடைமாற வீசா

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பிராங்பேர்ட், பாரிஸ், சூரிச் போன்ற ஷெங்கன் நாட்டு விமான நிலையங்களில், வெளியே போகாமல் வேறு நாட்டுக்கு மாறுவதற்கே விமான நிலைய வீசா பெற வேண்டும். பிரித்தானியாவிலும் அப்படியே. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் வீசா உள்ளவர்களுக்கு விலக்குகள் உண்டு. விதிகள் மாறுவதால் அந்தந்தத் தூதரகத்தின் இணையத்தளத்தைப் பார்த்த பிறகே சீட்டை உறுதிசெய்யுங்கள். இது இல்லாவிட்டால் கட்டுநாயக்கவிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இறங்கியதும்

கடிகாரத்தை முதலில் மாற்றுங்கள். டோஹா எங்கள் நேரத்தைவிட இரண்டரை மணி, டுபாய் ஒன்றரை மணி பின்னால். சீட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். இணைப்பில்லாத தொலைபேசி தானாக மாறாமல் இருக்கலாம்.

'அரைவல்ஸ்' பலகையைப் பின்பற்றினால் குடிவரவுக்குப் போய்விடுவீர்கள். 'ட்ரான்ஸ்பர்' அல்லது 'கனெக்‌ஷன்ஸ்' என்பதைப் பின்பற்றுங்கள். திரையில் ஊர்ப் பெயரை அல்ல, விமான எண்ணைத் தேடுங்கள். ஒரே ஊருக்கு அடுத்தடுத்து விமானங்கள் இருக்கும். வாயில் எண் கடைசி நேரத்திலும் மாறலாம்.

மாறும் இடத்தில் பெரும்பாலும் மீண்டும் ஒரு சோதனை உண்டு. தண்ணீர்ப் போத்தலை வெறுமையாக்குங்கள். நேரம் மிகக் குறைவு என்று தெரிந்தால் இறங்குவதற்கு முன்னரே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். முன்னிருக்கைக்கு மாற்றிவிடவும், சோதனை வரிசையில் முந்தவிடவும் சில வேளைகளில் உதவுவார்கள்.

நீண்ட தூரம் நடக்க முடியாதவர்களுக்கு 48 மணி நேரத்துக்கு முன்னரே சக்கர நாற்காலி கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அடுத்த வாயில்வரை கொண்டுபோய் விடுவார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்களின் கையில் ஒரு தாள் இருக்கட்டும்: இரண்டு விமான எண்கள், நேரங்கள், போகும் ஊர், பிள்ளையின் தொலைபேசி எண், "எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும்" என்ற வரி. எல்லாம் ஆங்கிலத்தில்.

தவறவிட்டால், பெட்டி வராவிட்டால்

விமானத்தைத் தவறவிட்டால் வெளியே போக வேண்டாம். இடைமாறுவோர் கவுண்டருக்குப் போய் புதிய விமானம், உணவு, தங்குமிடம், பெட்டியின் நிலை ஆகிய நான்கையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றிலிருந்து ஒரே பதிவில் புறப்பட்டு, நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்திச் சேர்ந்தால் 261/2004 இலக்க விதிப்படி இழப்பீடு கேட்கலாம். கொழும்பு போன்ற நீண்ட தூரங்களுக்கு அது 600 யூரோ வரை.

பெட்டி வராவிட்டால் மண்டபத்தை விட்டு வெளியேறும் முன்னர் பொதிக் கவுண்டரில் முறைப்பாட்டைப் பதியுங்கள். 'பி.ஐ.ஆர்.' எனப்படும் அந்த அறிக்கையில் ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணும் சேர்ந்த இலக்கம் இருக்கும். அதை வைத்து இணையத்தில் தேடலாம். பொறுப்புக் கூற வேண்டியது பொதுவாகக் கடைசியாக ஏறிவந்த நிறுவனம். இடையில் வாங்கும் அவசிய உடை, மருந்து ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள்.

இலங்கையும் இணைந்துள்ள 1999ஆம் ஆண்டு மொன்றியல் சமவாயத்தின்படி, சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். 21 நாட்களுக்குள் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கோரலாம். வழக்குத் தொடர இரண்டு வருட அவகாசம். இழப்பீட்டின் உச்ச எல்லை 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள், சுமார் 2,000 அமெரிக்க டொலர். அது பெட்டிக்கும் பொருளுக்கும் உரியது. ஒரு புகைப்படத்துக்கு எவரும் விலை போட முடியாது.

கையில் இருக்க வேண்டியவை

மருந்தும் அதற்கான வைத்தியர் சீட்டும், நகை, பணம், பவர் பேங்க், ஒரு மாற்றுடை, திரும்பப் பெற முடியாத பத்திரங்கள் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கலாம் என்பது விதியும்கூட. விமானம் நிறைந்து, வாயிலில் வைத்துக் கைப்பொதியையும் கீழே அனுப்பச் சொன்னால் இவற்றை வெளியே எடுத்த பிறகே கொடுங்கள்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, பயப்படாதீர்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம். சித்தியின் பயம் ஆதாரமில்லாதது அல்ல. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட தன் குடும்பத்தவரைத் தேடும் பத்திரங்களை வைத்திருப்பது குற்றமல்ல. புறப்படுவதற்கு முன்னர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைப் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். இன்னொன்றை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். மூலப் பிரதிகள் தேவையில்லையென்றால் கொண்டுபோகவே வேண்டாம். கொண்டுபோவதென்றால் உங்கள் கையில்.

பெட்டி வந்தபோது ஒரு சக்கரம் உடைந்திருந்தது. பைல் பத்திரமாக இருந்தது. அன்றிரவே மகன் ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்தார். திரும்பி வரும்போது சித்தி அதைக் கைப்பையில்தான் வைத்திருந்தார். சோதனை இயந்திரத்துக்குள் போன பை மறுபக்கத்தால் வெளியே வரும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.