ப்ளைவுட் போர்த்திய ஜே 22

1952இல் ஸ்வீடன் விமானப்படை தன் ஜே 22 போர்விமானங்களுக்கு விடை கொடுத்தது. முதன்முதலில் பறந்த நாளிலிருந்து கணக்கிட்டால் வயது பத்து. எந்தப் போரிலும் இறங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டது. பிறந்த கதையைச் சொன்னால்தான் இந்த இழப்பு புரியும்.

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்குக்குள்ளும் நார்வேக்குள்ளும் புகுந்தபோது, நடுநிலை நாடான ஸ்வீடனிடம் நவீனப் போர்விமானம் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. அமெரிக்காவில் செவெர்ஸ்கி விமானங்கள் 120க்குச் சொல்லிவைத்திருந்தார்கள். 60 வந்து சேர்ந்தன. வல்ட்டி வான்கார்டு 144 கேட்டிருந்தார்கள். அதில் ஒன்றுகூட வரவில்லை. அமெரிக்கா ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அவசரத்துக்கு இத்தாலியில் வாங்கியவற்றில் 72, ஃபியட்டின் இரட்டையடுக்கு இறக்கை விமானங்கள். மெஸ்ஸர்ஷ்மிட்டுகள் பறந்துகொண்டிருந்த காலத்தில் அவற்றை நம்பி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

சரி, சொந்தமாகக் கட்டலாம் என்றால் சாப் நிறுவனத்துக்குக் கை ஒழியவில்லை. குண்டுவீச்சு விமானங்களே அதற்குத் தலைக்கு மேல் வேலை. கிடைத்த அலுமினியமும் அங்கேதான் போனது. ஆகவே போ லுண்ட்பெர்க் என்ற பொறியாளரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இதற்கென்றே ஸ்டாக்ஹோமில் எஃப்எஃப்விஎஸ் என்ற அரசுப் பட்டறையும் தொடங்கப்பட்டது. அலுமினியத்தில் கை வைக்கக் கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த பெரிய கட்டுப்பாடு.

ஸ்வீடனில் பஞ்சமில்லாதவை இரண்டு: எஃகும் காடும். லுண்ட்பெர்க் இரண்டையும் எடுத்துக்கொண்டார். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து எலும்புக்கூடு. அதன்மேல் பிர்ச் மர ப்ளைவுட் தோல். ப்ளைவுட் என்றதும் அலமாரி ஞாபகம் வரும். இதுவும் செய்முறையில் அதன் உறவுக்காரன்தான். மெல்லிய மரச்சீவல்களை ஒன்றின் இழை மற்றதற்குக் குறுக்கே ஓடும்படி அடுக்கிப் பசை போட்டு, அச்சில் அழுத்தி வளைத்தெடுத்த பலகைகள். வரிசை வரிசையாக ஆணி அடித்த உலோகத் தகட்டைவிட இப்படி அச்சில் வார்த்த பரப்பு வழுவழுப்பானது. காற்று தடங்கலில்லாமல் வழுக்கிப் போகும். வேறு வழியில்லாமல் எடுத்த பொருள் வேகத்துக்கும் கை கொடுத்தது.

அந்த விமானத்தின் அழகு முழுக்க இந்தக் கஞ்சத்தனத்தில்தான் இருக்கிறது. நீளம் 7.8 மீட்டர், இறக்கை விரிப்பு 10 மீட்டர், இறக்கைப் பரப்பு 16 சதுர மீட்டர், முழுச் சுமையோடு எடை மூன்று டன்னுக்கும் கீழே. அந்தக் காலத்துப் போர்விமானங்களில் பெரும்பாலானவை தரையைவிட்டு எழும்பியதும் சக்கரங்களை இறக்கைக்குள் மடக்கிக்கொண்டன. ஜே 22 அவற்றைப் பின்பக்கமாக மடக்கி உடலுக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. அதனால் இறக்கையில் பள்ளம் பிதுக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இதற்கு விலை இல்லாமலில்லை: இரண்டு சக்கரங்களும் நெருங்கி நின்றன. கால்களைச் சேர்த்துவைத்து நிற்பவனைப் போல, தரையில் ஓடும்போது விமானி கவனமாக இருக்க வேண்டியிருந்தது.

எஞ்சின் விஷயத்தில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பேச வேண்டும். அமெரிக்க நிறுவனமான பிராட் அண்ட் விட்னியின் ட்வின் வாஸ்ப், 14 சிலிண்டர், 1,065 குதிரைத்திறன். உரிமம் கிடைக்கவில்லை. ட்ரோல்ஹெட்டானில் இருந்த ஸ்வென்ஸ்கா ஃப்ளைக்மோட்டார் உரிமம் இல்லாமலே அதை நகலெடுத்துச் செய்தது. திருட்டு என்று சொல்வோருடன் நான் வாதாட மாட்டேன். போருக்கு நடுவே தனித்துவிடப்பட்ட நாடு வேறென்ன செய்திருக்கும் என்று மட்டும் கேட்பேன்.

அந்தச் சுமாரான எஞ்சினை வைத்துக்கொண்டு ஜே 22 மணிக்கு 575 கிலோமீட்டர் போனது. அதே காலத்து ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் வகை ஏறக்குறைய 1,450 குதிரைத்திறனைச் செலவழித்து 600ஐத் தொட்டும் தொடாமலும் பறந்ததை வைத்துப் பார்த்தால், மரப்பலகையின் அருமை தெரியும். ஆனால் உயரத்தில் அதற்கு மூச்சு வாங்கியது. போர் முடியும் நேரத்தில் மஸ்டாங் விமானங்கள் ஸ்வீடனுக்கு வந்த பிறகு நடந்த ஒத்திகைச் சண்டைகளில், 5,000 மீட்டர் வரை ஜே 22 ஈடுகொடுத்தது. 6,000க்கு மேலே மந்தமாகிவிட்டது.

1942 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமின் ப்ரோம்மா விமான நிலையத்தில் முதல் பறப்பு. மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் யோதெபரியின் எஃப் 9 படைப்பிரிவுக்கு முதல் விமானங்கள் போய்ச் சேர்ந்தன. உதிரி பாகங்களைச் செய்தவர்களில் பலர் அதற்கு முன் விமான வேலையே பார்க்காதவர்கள். 500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்து அனுப்பின. 1946க்குள் 198 விமானங்கள். முதல் வகையில் இரண்டு 8 மில்லிமீட்டர், இரண்டு 13.2 மில்லிமீட்டர் துப்பாக்கிகள்; பிந்தைய வகையில் நான்குமே 13.2.

அதற்குள் காலம் அவசரப்பட்டது. கடைசி ஜே 22 படைக்கு வந்த அதே 1946இல் ஸ்வீடன் வாம்பயர் ஜெட்டுகளை வாங்கத் தொடங்கிவிட்டது. ஐந்து ஆண்டில் சாபின் சொந்த ஜெட்டான 'பீப்பாய்' வந்தது. பிர்ச் பலகைக்கு அந்த வானத்தில் என்ன வேலை? பெரும்பாலானவை கழித்துக்கட்டப்பட்டன.

லுண்ட்பெர்க் பிற்பாடு ஸ்வீடன் வானூர்தி ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார். 1960களில் அவர் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது, கான்கார்டு போன்ற ஒலியை மிஞ்சும் பயணி விமானங்களை விடாப்பிடியாக எதிர்த்ததற்காக. அவற்றின் அதிர்வெடிச் சத்தத்தைக் கீழே குடியிருப்பவர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. வேகத்துக்காக ஒரு விரற்கடைப் பிதுக்கத்தைக்கூடப் பொறுக்காத அதே மனிதர்தான்.

மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று லின்ஷோப்பிங்கில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, சக்கரங்களை நெருக்கி ஊன்றி நிற்கிறது.