தேசப்படக் கலையும் எளியவர் இல்லமும்

கல்லடிப் பாலத்தின் நடுவே நின்று நோக்குவோருக்கு மட்டக்களப்பின் நில அமைப்பு ஒரே பார்வையில் விளங்கிவிடும். ஒருபுறம் புளியந்தீவு நகரம். மறுபுறம், வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில் கல்லடி. ஞாயிறு எழும் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் பக்கத்துக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது இந்நாட்டார் மரபு. கோணமானியும் சங்கிலியும் அறியாத காலத்திலேயே, இரண்டு சொற்களால் ஒரு தேசப்படத்தை வரைந்து வைத்த மக்கள் இவர்கள்.

ஆயினும், மக்கள் மனத்தில் இருந்த படம் வேறு. ஆள்வோர் மேசையில் விரிந்து கிடந்த படம் வேறு. இரண்டாவது படத்தை வரையும் ஆற்றல் நெடுங்காலம் பிறர் கையிலேயே இருந்தது. அந்த ஆற்றல் படிப்படியாக எளியவன் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்ந்த வரலாறு, அறிந்துகொள்ளத் தக்க ஒன்றாகும்.

1602-ஆம் ஆண்டில் ஒல்லாந்த மாலுமி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கினான். போர்த்துக்கீசர் புளியந்தீவில் எழுப்பிய கோட்டையை 1638-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். வந்தவர்கள் கரைகளையும் துறைகளையும் களப்பு முகங்களையும் படமாக எழுதி வைத்தனர். இலங்கையைப் பற்றி ஒல்லாந்தர் எழுதிய படங்கள் பல, இன்றும் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஊர் இங்கே, ஊரின் படமோ பல்லாயிரம் மைல் தொலைவில்!

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முயற்சி ஒழுங்கான அரசாங்கப் பணியாயிற்று. 1800-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள், தேசாதிபதி பிரெடரிக் நோர்த் என்பவரால் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. வரி விதிக்கவும், வீதி அமைக்கவும், காணி வழங்கவும் அளந்த படம் இன்றியமையாததாயிற்று. பிற்காலத்தில் இலங்கையரும் அளவையாளராயினர்; அவர்களது உழைப்பால் தீவு முழுவதற்கும் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் சிறந்த படங்கள் உருவாயின. எனினும், அக்கலையைப் பயில விரும்பியவனுக்குத் திணைக்களத்தின் வாயில் ஒன்றே வழி. தியோடலைற்றுக் கருவியைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்திப் பழகும் செல்வம் எத்தனை பேரிடம் இருந்தது? கருவியின் விலையே கலைக்கு மதிலாக நின்றது.

1924-ஆம் ஆண்டில் கல்லடிக்கும் புளியந்தீவுக்கும் இடையே இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. அந்நாளைய தேசாதிபதி மனிங் என்பவரின் மனைவியார் பெயரால் அது சீமாட்டி மனிங் பாலம் எனப்பட்டது. தோணிக்காகக் காத்திருந்தவன் நடந்தே நகரை அடையலானான். அறிவுலகிலும் இத்தகைய பாலம் ஒன்று அக்காலத்தில் இருந்தது. அதுவே இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பட்டம். 1858-ஆம் ஆண்டு முதல் அந்தச் சர்வகலாசாலை, தன் மண்டபங்களில் அமர்ந்து படியாதவரையும் பரீட்சைக்கு அமர அனுமதித்தது. எங்கே படித்தாய் என்று கேளாமல், என்ன கற்றாய் என்று மட்டும் கேட்ட ஏற்பாடு அது.

அப்பாலத்தில் நடந்து சென்ற பெருமக்களுள் ஒருவர் காரைதீவில் 1892-இல் பிறந்த மயில்வாகனனார். பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் தேறிய அவர், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியபடியே தாமே பயின்று, இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929-இல் உருவாக்கினார். 1936-இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் பணிக்கு அடிகோலினார். 1947-இல் மறைந்த அப்பெரியாரின் சமாதி அவ்வித்தியாலய வளவிலேயே உள்ளது. ஆசிரியத் தொழிலில் இருந்த ஓர் இளைஞருக்குப் பரீட்சையின் கதவு திறந்திருந்தமையால் விளைந்த பயன் எத்தகையது என்பதற்கு, அச்சமாதியே சான்று.

தேசப்படக் கலையில் அத்தகைய கதவு திறக்க மேலும் நெடுங்காலம் சென்றது. 1960-களில் கனடாவில் ரோஜர் தொம்லின்சன் என்னும் புவியியலறிஞர், தேசப்படங்களைக் கணினிக்குள் ஏற்றி ஆராயும் முறையை வகுத்தார். இதுவே புவியியல் தகவல் முறைமை என வழங்குகின்றது. இதன் தத்துவம் எளியது. ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாகக் கொள்க. ஒரு தாளில் கல்லடியின் வீடுகள், ஒன்றில் கிணறுகள், ஒன்றில் வீதிகள், மற்றொன்றில் நிலத்தின் உயரம். வெள்ளம் ஒரு மீற்றர் உயர்ந்தால் எந்த வீடுகள் மூழ்கும், எந்தக் கிணறுகள் கெடும், எந்த வீதி தப்பும் என்பதைத் தாள்களை ஒருங்கே நோக்கிக் கணினி கூறிவிடும்.

1969-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் நகரில் ஜக் டேஞ்சர்மண்டும் அவர் மனைவியார் லோராவும் எஸ்ரி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். இத்துறையில் உலக அரசாங்கங்கள் பலவும் அந்நிறுவனத்தின் மென்பொருளையே பெரிதும் கையாளத் தொடங்கின. முதலில் பெரிய கணினிகளில் மட்டுமே இயங்கிய அம்மென்பொருள், 1980-களில் மேசைக் கணினிக்கு வந்தது. ஆனால், அதன் எளிய வடிவத்துக்கே 1,500 டொலர் அளவில் விலை இருந்தது. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அம்மென்பொருள் தெரிந்தவனுக்கே வேலை. வேலை கிடைத்தவனுக்கே அம்மென்பொருள். இந்த வட்டத்துக்குள் புக முடியாமல் வெளியே நின்றவர் பலர்.

படம் வரையத் தெரியாமல் இருப்பதால் ஓர் ஊருக்கு நேரும் இழப்பு யாது? 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அதனைக் கல்லடி உணர்ந்தது. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை நாவலடி, திருச்செந்தூர் முதலிய கரையோரக் குடியிருப்புக்களை அழித்துச் சென்றது. திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரமே மண்ணில் புதைந்து சாய்ந்தது. அலை வடிந்த பின்னர் வேறொரு கோடு வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆயினும், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிய நிலத்தில் 200 மீற்றர் என்பது எத்துணைப் பெரிய அளவு! உயிர்காக்க வேண்டும் என்னும் எண்ணம் நியாயமானதே. ஆனால், அக்கோடு எந்தக் குடும்பத்தின் காணியை விழுங்குகின்றது, எந்த மேட்டு நிலத்தை வீணே விலக்குகின்றது என்பதை அளந்து காட்டி வாதாட, பாதிக்கப்பட்டவரிடம் வேறொரு படம் இருக்கவில்லை. படம் உடையவன் பேசினான். படம் இல்லாதவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அத்துயரத்தின் நடுவே இலங்கைக் கணினி வல்லுநர் சிலர், இடர்க்காலத்தில் காணாமற்போனவர் விவரங்களையும் முகாம்களையும் பதிவு செய்யும் சஹானா என்னும் மென்பொருளைத் தாமே ஆக்கி, அதை யாவரும் இலவசமாகப் பயன்படுத்த விட்டனர். 2005-இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அது அங்கும் உதவியது. கருவியைப் பிறரிடம் இரப்பதோடு நில்லாமல், ஆக்கிக் கொடுக்கவும் இந்நாட்டாரால் இயலும் என்பதற்கு அது நற்சான்று.

இதற்கிடையில் விலையென்னும் மதிலில் ஒரு சிறு வாயிலும் திறந்தது. எஸ்ரி நிறுவனம் முதலில் தன் பாடநூல்களோடு 180 நாள் மட்டும் இயங்கும் மென்பொருளை இணைத்து வழங்கியது. பின்னர், 2010-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், வீட்டில் இருந்து கற்போருக்கென ஆண்டுக்கு 100 டொலர் விலையில் தனி உரிமம் அளித்தது. அலுவலகங்களில் வழங்கும் அதே கருவி. அதனோடு ஆய்வுக்குரிய துணைக் கருவிகள். நிபந்தனைகள் இரண்டு: ஓராண்டு கழிந்தால் புதுப்பித்தல் வேண்டும், கூலிக்குச் செய்யும் தொழிலுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது. இது தருமமன்று, வணிகமே. இன்று வீட்டில் பழகுபவன் நாளை அலுவலகத்தில் அதே கருவியைக் கேட்பான் என்பது நிறுவனத்தின் கணக்கு. எனினும், விற்பவன் கணக்கு எதுவாயினும் கற்பவனுக்கு அது ஊதியமே. வேலை இல்லாத பட்டதாரியும், குழந்தைகளைப் பேணும் தாயும், ஓய்வுபெற்ற அளவையாளரும் தம் வீட்டு மேசையிலேயே தொழிற்றரமான கருவியைக் கையாளும் நிலை உண்டாயிற்று.

ஆனால் 100 டொலர் என்பது எல்லா ஊரிலும் ஒரே நிறை உடையதன்று. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. அவ்வாண்டு நேர்ந்த பொருளாதார நெருக்கடியில் சில மாதங்களுக்குள் அது 360 ரூபாயை எட்டியது. ரெட்லண்ட்ஸ் நகரில் விலை ஒரு சதமும் உயரவில்லை. கல்லடியிலோ 20,000 ரூபா உரிமம் 36,000 ரூபாவாயிற்று. மலிவு என்பது விற்பவன் நாணயத்தில் ஒன்று, வாங்குபவன் நாணயத்தில் வேறொன்று.

அந்நெருக்கடியிலும் மூடாத கதவு ஒன்று உண்டு. 2002-ஆம் ஆண்டில் அலாஸ்காவில் வாழ்ந்த கரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள், உலகெங்குமுள்ள தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்து, 2009-இல் முதலாவது முழுப் பதிப்பாக வெளிவந்தது. அதற்கு விலை இல்லை; தவணை இல்லை; அதைக் கொண்டு பொருளீட்டவும் தடையில்லை. 2004-இல் இலண்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ரீற்மப் திட்டம், எவரும் தம் ஊரின் வீதிகளைத் தாமே படத்தில் சேர்க்க வழி செய்தது. 2008-இல் அமெரிக்க அரசாங்கம் லான்ட்சற் செய்மதிப் படங்களை யாவர்க்கும் இலவசமாக்கியது. கருவியும், படமும், தரவும் ஒருங்கே கைக்கெட்டிய காலம் இவ்வாறு பிறந்தது.

எனின், விலை கொடுத்துப் பெறும் உரிமம் வேண்டாவோ? அவ்வாறு முடிவு கூறுதல் அவசரமாகும். பல அலுவலகங்கள் எஸ்ரியின் கருவியையே கையாளுகின்றன. அங்கே பணி நாடுபவனுக்கு அதிற் பழக்கம் வேண்டும். ஆதலின், இலவச மென்பொருளில் அடிப்படைகளை நன்கு கற்று, தொழில் தேடும் ஆண்டில் மட்டும் அக்கருவிக்கு உரிமம் வாங்குதல் சிக்கனமான வழி. வரைந்த படங்களை இரு மென்பொருள்களும் படிக்கத்தக்க வடிவத்தில் சேமித்தலும் அவசியம். சேப்கோப்பு என்னும் வடிவத்தின் விவரங்களை எஸ்ரி நிறுவனமே 1998-இல் வெளியிட்டமையால், உரிமம் தீர்ந்தாலும் உழைப்புத் தீர்வதில்லை.

கற்றதைக் கொண்டு செய்தற்குரிய பணியோ கண்முன்னே கிடக்கின்றது. வாவியின் முகத்துவாரம் ஒரு நிலையில் நிற்பதன்று. மணற்றிட்டு அதனை அடைப்பதும், மாரி வெள்ளத்தில் அது உடைவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. 1924-இன் பாலத்துக்கு அருகே 2013-இல் புதிய பாலம் எழுந்தது. பேரலைக்குப் பின் குடியிருப்புக்கள் இடம் மாறின. அச்சிட்ட படம் இவற்றின் பின்னே தாமதித்து வரும். எழுவான்கரையில் வாழ்பவன் இம்மாற்றங்களை நாள்தோறும் காண்கின்றான். கண்டதை அளக்கவும், அளந்ததை வரையவும், வரைந்ததை அதிகாரிகள் முன் விரித்துப் பேசவும் அவன் கற்றுக்கொள்வானாயின், அடுத்த முறை கரையோரத்தில் ஒரு கோடு இடப்படும்போது அவனும் அம்மேசையருகே இருப்பான்.